உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்

டார்த் வேடருக்கு ரோஸ் கலர் உடை மாட்டினால் ஸ்டார் வார்ஸின் ஐதீகம் கெட்டுவிடுமாம். சொன்னவர் கோயில் பூசாரி இல்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்கிற ஈ.ஏ. கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி. 2017 நவம்பர் கடைசியில் முதலீட்டாளர்கள் கூடிய கூட்டத்தில் சொன்னார். காசுக்கு எதையாவது விற்றே தீருவது என்றால் உடை, நிறம் என்று வெறும் அலங்காரத்தை விற்றிருக்கலாமே, ஆட்டத்தில் ஜெயிக்கிற பலத்தையே ஏன் பெட்டியில் அடைத்து விற்றீர்கள் என்ற பேச்சு வந்தபோதுதான் இந்த பக்தி பொங்கியது. கறுப்பு வேடரை வெள்ளையாக்குவதே பொருந்தாது, ரோஸ் என்றால் கேட்கவே வேண்டாம். கதையின் புனிதத்தைக் காக்க வேண்டும் அல்லவா? வேடரைப் பூட்டிவைத்துச் சாவிக்கு விலை பேசியதில் மட்டும் புனிதத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை.

வீடியோ கேம் உலகில் ஒரு பட்டிமன்றம் முடிவில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. விளையாட்டை உருவாக்குகிறவர்கள் ஆட்டக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டுமா, கூடாதா? ஓர் அணி எழுந்து, காசு கொடுப்பவன் அவன், அவன் சொல்தான் வேதம் என்கிறது. எதிரணி எழுந்து, கலைஞனுக்குக் கட்டளை போடாதே என்கிறது. நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்கவும் வேண்டும், கேட்காமலும் இருக்க வேண்டும், எல்லாம் ஓர் அளவோடு என்று தீர்ப்புச் சொல்ல, கைதட்டல். பந்தல் யார் செலவு என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. உருவாக்குகிறவனும் ஆடுகிறவனும் மேடையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும் வரை, பின்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நிம்மதி.

அந்த நவம்பர் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வெளியாக இன்னும் சில நாட்கள். 80 டாலர் கொடுத்து வாங்கிய ஒருவர் ரெடிட் இணைய மன்றத்தில் வந்து, இவ்வளவு கொடுத்தும் வேடரைப் பூட்டித்தான் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். வேடரையும் லூக் ஸ்கைவாக்கரையும் திறக்கத் தலைக்கு 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். ஆடியே சேர்ப்பதென்றால் ஒரு நாயகனுக்கு 40 மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பொறுமை இல்லாதவர்களுக்குக் கடையில் லூட் பாக்ஸ் இருந்தது: காசைக் கொடு, பெட்டியை வாங்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பது உன் தலையெழுத்து. ஈ.ஏ. தரப்பிலிருந்து பதில் வந்தது. நாயகர்களை உழைத்துத் திறக்கும்போது உங்களுக்கு ஒரு பெருமிதமும் சாதித்த நிறைவும் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

ஆகா. 80 டாலர் கொடுத்தவனுக்குப் பெருமிதம் கிடையாது. கொடுத்த பிறகு 40 மணி நேரம் கூலியில்லாமல் உழைத்தால்தான் உண்டு.

அந்த ஒரு பதிலுக்கு 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் எதிர் ஓட்டு விழுந்தது. ரெடிட் வரலாற்றிலேயே அதிகம் வெறுக்கப்பட்ட பதில் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. அதற்கு முன்னால் அந்தப் பட்டத்தை வைத்திருந்த பதிவு 24 ஆயிரம் சொச்சம்தான் வாங்கியிருந்தது, அதுவும் எனக்கு எதிர் ஓட்டுப் போடுங்களேன் என்று ஆசையாகக் கேட்டு வாங்கியது. கேட்காமலே ஆறரை லட்சம் சம்பாதித்த பெருமிதம் ஈ.ஏ.வுக்கே உரியது. உழைத்துத் திறந்த சாதனை.

இனி 'கேட்கும்' படலம். உங்கள் குரல் எங்களை எட்டியது என்று அறிவித்து, வேடரின் விலையை 60,000-இலிருந்து 15,000 ஆகக் குறைத்தார்கள். அடேயப்பா, முக்கால் பங்கு தள்ளுபடி! அதே கையோடு, கதைப் பகுதியை ஆடி முடித்தால் பரிசாகத் தந்துவந்த 20,000 கிரெடிட்டை 5,000 ஆக்கினார்கள். அதுவும் முக்கால் பங்குதான். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவர்கள் ஆட்டிய தொட்டிலுக்கும் வாடகை வாங்கினார்கள். ஆட்டக்காரர்கள் அதையும் கண்டுபிடித்து இன்னும் உரக்கக் கத்தினார்கள். கடைசியில், கடைகளில் விற்பனை தொடங்குவதற்கு முந்தைய நாள், ஆட்டத்துக்குள் காசு வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள். ஆறரை லட்சம் ஓட்டின் வெற்றி என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஸ்டார் வார்ஸுக்குச் சொந்தக்காரரான டிஸ்னியின் மேலிடத்திலிருந்து போன் வந்தது என்று அப்போதே செய்தி வெளியாயிற்று. ஆறரை லட்சம் பேர் கத்தியும் திறக்காத காது ஒரு போன் மணிக்குத் திறக்குமானால், அந்தக் காது யாருக்காகப் படைக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அதே கம்பெனி 2023 வரை ஃபிஃபா என்ற பெயரில் விற்ற கால்பந்து ஆட்டத்தில் அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி. அங்கேயும் பெட்டிதான். உள்ளே மெஸ்ஸி இருக்கலாம், பெயர் தெரியாத மூன்றாம் தரக் கோல்கீப்பரும் இருக்கலாம். இது சூதாட்டம், நிறுத்துங்கள் என்று அங்கேயும் ஆண்டாண்டாகக் கத்துகிறார்கள். 2021-இல் முடிந்த நிதியாண்டில் ஈ.ஏ.வின் ஆட்டங்களில் எல்லாம் சேர்த்து அல்டிமேட் டீம் பகுதி ஈட்டியது 162 கோடி டாலர், அதில் பெரும்பங்கு ஃபிஃபாவினுடையது. இதையும் ஆட்டக்காரர்களின் கருத்து என்றுதான் கம்பெனி எடுத்துக்கொண்டது. வாயால் சொன்னது ஒரு கருத்து, கார்டைத் தேய்த்துச் சொன்னது இன்னொரு கருத்து. இரண்டில் எது மேலாளரின் எக்செல் தாளில் ஏறும்?

2019 ஜூனில் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தபோது ஈ.ஏ.வின் சட்டப் பிரிவுத் துணைத் தலைவர், இவற்றை நாங்கள் லூட் பாக்ஸ் என்றே சொல்வதில்லை, ஆச்சரியம் தரும் ஏற்பாடுகள் என்போம் என்று விளக்கினார். கிண்டர் முட்டைக்குள் பொம்மை இருப்பதில்லையா, அதுபோல. நெறி பிசகாதது, ஜாலியானதும்கூட. கிண்டர் முட்டையைத் தின்றவன் வீட்டுக் கடன் தவணைப் பணத்தை எடுத்து இன்னும் நூறு முட்டை வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமோ 2018 ஏப்ரலிலேயே இந்த முட்டையை உடைத்துப் பார்த்து, இது சூதாட்டம், எடுக்காவிட்டால் தண்டனை என்றது. கொஞ்ச நாள் முரண்டு பிடித்துவிட்டு, 2019 ஜனவரியில் பெல்ஜியத்தில் மட்டும், பெட்டி வாங்கப் பயன்படும் ஃபிஃபா பாயின்ட் விற்பதை ஈ.ஏ. நிறுத்தியது. பெல்ஜியத்து ஆட்டக்காரன் மற்றவர்களைவிட நன்றாகக் கருத்துச் சொல்லத் தெரிந்தவன் அல்ல. அவனுக்குப் பின்னால் சட்டம் நின்றது.

பிளிசார்டின் கதை இதைவிட ருசியானது. 2013-இல் அந்தக் கம்பெனியின் ஆண்டு விழாவான பிளிஸ்கானில் ஒரு ரசிகர் மைக்கைப் பிடித்து, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்துக்கு ஒரு சர்வர் வைப்பீர்களா என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். மேடையில் இருந்த, அந்த ஆட்டத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான ஜே. ஆலன் பிராக், அது வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றார். திருவிளையாடல்களில்கூட சாமி பக்தனிடம் இவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை. உனக்கு என்ன வேண்டும் என்பது உன்னைவிட எனக்குத் தெரியும், உட்கார்.

உட்காரவில்லை. பிரான்சைச் சேர்ந்த சில தன்னார்வலர்கள் நாஸ்டால்ரியஸ் என்று தாங்களே ஒரு சர்வரை நடத்தினார்கள். சந்தா கிடையாது. யாருக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்டதோ அவர்களில் ஒன்றரை லட்சம் பேர் அதில் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். 2016 ஏப்ரலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது, சர்வர் மூடப்பட்டது. சட்டப்படி பிளிசார்டின் பக்கம்தான் நியாயம், சொத்து அவர்களுடையது. ஆனால் விற்கவும் மாட்டேன், நீ செய்துகொள்ளவும் விடமாட்டேன், உனக்கு வேண்டாம் என்பதை நானே முடிவு செய்வேன் என்கிற இடத்தில்தான் வயிறு எரிகிறது. இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரண்டது. 2017 நவம்பரில் அதே பிளிஸ்கான் மேடைக்கு அதே பிராக் வந்து, ஐஸ்கிரீம் உதாரணமெல்லாம் சொல்லி, பழைய வடிவம் வரப்போகிறது என்று அறிவித்தார். அரங்கம் கூரை அதிரக் கத்தியது. 2019 ஆகஸ்டில் அந்தப் பழைய வடிவம் கிளாசிக் என்ற பெயரில் வெளியானபோது, வேண்டாதவர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று, உள்ளே நுழைய மணிக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே சந்தா மிக அதிகமாக உயர்ந்த காலாண்டு அதுதான் என்று கம்பெனியே மார்தட்டிக்கொண்டது.

ஆக, கேட்டார்கள் அல்லவா என்பீர்கள். கேட்டார்கள்தான். ஓசியில் ஒன்றரை லட்சம் பேரைக் கூட்டிக் காட்டிய பிறகு கேட்டார்கள். சந்தை ஆய்வுக்குச் செலவில்லை, ஆய்வு செய்தவனுக்கு வக்கீல் நோட்டீஸ் மட்டும்.

நடுவில் 2018 பிளிஸ்கானையும் சொல்லிவிட வேண்டும். பிளிசார்டின் இன்னொரு ஆட்டத் தொடரான டையப்லோவின் அடுத்த பெரிய பாகம் வருகிறது என்று டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்த, வாழ்நாள் முழுதும் கம்ப்யூட்டரில் ஆடியவர்கள் முன்னால், செல்போனுக்கான டையப்லோ இம்மார்ட்டலை அறிவித்தார்கள். கூட்டம் முணுமுணுத்தது. இது ஏப்ரல் முதல் தேதி விளையாட்டா என்று ஒருவர் மைக்கிலேயே கேட்டார். கம்ப்யூட்டரில் வராது என்றதும் கூச்சல் எழ, மேடையில் இருந்தவர் திருப்பிக் கேட்டார்: உங்களிடமெல்லாம் போன் இல்லையா? 2022-இல் அது வெளியானது. ரசிகர்கள் போட்ட மதிப்பெண் பூஜ்யத்தை ஒட்டித் தரையில் கிடந்தது. எட்டு வாரத்துக்குள் 10 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்று சந்தைக் கணிப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். போன் இருந்தது, அதில் கார்டும் இணைக்கப்பட்டிருந்தது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் மட்டும் அந்த ஆட்டம் வெளியாகவில்லை. காரணம் சொல்லவும் வேண்டுமா, லூட் பாக்ஸ் சட்டங்கள்தான்.

எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதிக்கிற இடம் இதற்கு நடுவில் ஒன்று உண்டு. 2019 பிப்ரவரியில் பிளிசார்டின் தாய்க் கம்பெனியான ஆக்டிவிஷன் பிளிசார்டின் தலைவர் பாபி கோட்டிக், 2018-இல் கம்பெனி சாதனை வருமானம் ஈட்டியது என்று பங்குதாரர்களிடம் அறிவித்தார். அதே நாளில் ஏறக்குறைய 8 சதவீத ஊழியர்களை, சுமார் 800 பேரை, வீட்டுக்கு அனுப்பினார். யாரை? ஆட்டத்தை உருவாக்கும் பிரிவுகளில் இனி ஆள் சேர்ப்போம் என்று சொல்லி, மற்ற பிரிவுகளில் கத்தியை வைத்தார்கள். வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர்கள், ஆட்டக்காரர்களோடு நாள் முழுதும் பேசிக்கொண்டிருந்த சமூக மேலாளர்கள். அதாவது கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள். மெயிலுக்கு மெயில் 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கைகள். லாபம் சாதனையைத் தொட்ட ஆண்டில் காதுகள் உபரியாகிவிட்டன.

சோனியின் ஹெல்டைவர்ஸ் 2 விவகாரத்தை வேகமாகச் சொல்லிவிடலாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2024 பிப்ரவரியில் ஸ்டீம் என்கிற கம்ப்யூட்டர் கேம் கடையில் அமோகமாக விற்றது. மே மாதம் சோனி, இனி கம்ப்யூட்டரில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்றது. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளில் எல்லாம் ஆட்டத்தைக் காசு வாங்கி விற்றிருந்தார்கள். உடனே 177 நாடுகளில் விற்பனையை நிறுத்தினார்கள். அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு, யாழ்ப்பாணத்துப் பையன் என்ன தப்புச் செய்தானோ. இரண்டு மூன்று நாளில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர் ரிவ்யூ. சோனி பணிந்தது, உங்கள் கருத்தைக் கேட்டோம் என்று ட்வீட் போட்டது. ஆட்டத்தை உருவாக்கிய ஸ்வீடனின் ஆரோஹெட்டில், ரிவ்யூவை மாற்றுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று ஆட்டக்காரர்களுக்கு வழி சொன்ன சமூக மேலாளருக்கு வேலை போயிற்று. செப்டம்பரில் சோனியின் இன்னொரு ஆட்டமான காட் ஆஃப் வார் ராக்னராக் கம்ப்யூட்டருக்கு வந்தது. அப்போது அதற்கும் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயமாக இருந்தது.

கேட்டோம் என்றார்கள், நினைவு வைத்துக்கொள்வோம் என்று எப்போது சொன்னார்கள்?

இவ்வளவு நேரம் ஆட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பார்கள். இனி அவர்கள் முறை.

2013 ஜூலையில் கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 2-க்கு ஒரு பேட்ச் வந்தது. அதில் டி.எஸ்.ஆர். 50 என்கிற ஸ்னைப்பர் துப்பாக்கி ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் எடுக்கும் இடைவெளியை 0.2 விநாடியிலிருந்து 0.4 விநாடி ஆக்கினார்கள். கூடியது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காக ஆட்டத்தை உருவாக்கிய ஸ்டுடியோவின் வடிவமைப்பு இயக்குநருக்கும் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல் வந்தது. உன்னைக் கொல்வேன், உன் பிள்ளைகளைக் கொல்வேன். ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்கு! இதற்குப் பெயர் கருத்தாம். ஆர்வமுள்ள ரசிகர் சமூகத்தின் உணர்ச்சி வெளிப்பாடாம். தெருவில் நின்று ஒருவன் இப்படிக் கத்தினால் போலீஸ் வரும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு கத்தினால் 'கம்யூனிட்டி' என்று பெயர் வைத்து அதற்கொரு மேலாளரை நியமிப்பார்கள்.

2020 அக்டோபரில் சைபர்பங்க் 2077 என்ற ஆட்டம் இன்னும் 21 நாள் தள்ளிப்போகிறது என்றார்கள். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று பிழிந்தெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த, அதை உருவாக்கிய போலந்துக் கம்பெனியின் ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல் போயிற்று. டிசம்பர் 10-ஆம் தேதி ஆட்டம் வந்தது. வேகாத சோறு. பழைய பிளேஸ்டேஷனில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, சோனி ஒரு வாரம் கழித்துத் தன் கடையிலிருந்தே தூக்கி எறிந்தது. உடனே, அரைகுறையாக வெளியிட்டுவிட்டார்களே என்று அதே கூட்டம் மறுபடி கூவியது. தேதியை முடிவு செய்தவன் ஊழியன் இல்லை, முன்பதிவுப் பணத்தை வாங்கியவனும் ஊழியன் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தது, 60 டாலர் கட்டிய வீரர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் பயனில்லை. எய்தவன் ட்விட்டரில் கிடைக்க மாட்டான், அம்புதான் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

கோபத்தை மரியாதையோடு காட்டவே முடியாது என்பதும் பொய். 2012-இல் மாஸ் எஃபெக்ட் 3 என்ற ஆட்டத்தின் முடிவு பிடிக்காதவர்கள், அதை உருவாக்கிய பயோவேர் கம்பெனியின் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப் கேக் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் க்ரீம், உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. எந்த முடிவைத் தேர்ந்தெடுத்தாலும் நிறம்தான் மாறுகிறது, சரக்கு ஒன்றுதானே என்று அர்த்தம். இன்னொரு பக்கம் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் அறக்கட்டளைக்கு 80,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த ஜூனிலேயே முடிவை விரித்துச் சொல்லும் கூடுதல் பகுதியை இலவசமாகத் தந்தது கம்பெனி. இப்படி ஒரு நக்கலை எந்த எழுத்தாளனும் ரசிப்பான்.

உருவாக்குகிறவன் நிஜமாகக் காது கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதையும் ஓரிடத்தில் பார்த்துவிடுவோம். சிவிலைசேஷன் தொடரின் சிட் மெயர் 2010-இல் கேம் உருவாக்குநர் மாநாட்டில் ஒரு விஷயம் சொன்னார். சண்டையில் உன் படைக்கும் எதிரிக்கும் 3-க்கு 1 பலம் என்று திரையில் காட்டுகிறோம். கணக்குப்படி நாலில் ஒரு தரம் நீ தோற்க வேண்டும். தோற்றதும் ஆட்டக்காரன் கொதித்துப்போய், மூன்று பெரியதா ஒன்று பெரியதா, உங்கள் கேமில் பிழை என்கிறான். சரி, அவனே 1-க்கு 3 என்று பலவீனமாக இருந்து ஜெயித்தால்? கப்சிப். அது அவன் திறமை. 2-க்கு 1-இல் தோற்றால் பொறுத்துக்கொள்கிறான், 20-க்கு 10-இல் தோற்றால் பத்து அதிகமாயிற்றே என்று சண்டைக்கு வருகிறான். மெயர் அவனுக்கு நிகழ்தகவுப் பாடம் எடுக்கவில்லை. பிழை என்று அவன் சொன்னதை நம்பவும் இல்லை. அவனுக்கு எங்கே சுருக்கென்றதோ அந்த இடத்தைத் தேடிப்போய்ச் சரிசெய்தார், 3-க்கு 1 என்றால் அவனே ஜெயிக்கும்படி கணக்கை அவன் பக்கம் சாய்த்தார். வாயைக் கேட்காமல் வலியைக் கேட்பது இது. இதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும், அடுத்த காலாண்டு அறிக்கையைத் தாண்டி வேலை நிலைக்கும் என்கிற தைரியம் வேண்டும். மூன்றையும் பிடுங்கிவிட்டுத்தான் கருத்துப் படிவத்தை நீட்டுகிறார்கள்.

அப்படியானால் ஓட்டையே ஆட்டக்காரன் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கொடுத்த கம்பெனி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ், 2013-இல் நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் ஓட்டோடு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைத் தொடங்கியது. அன்றிலிருந்து ஆட்டத்தில் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் தேர்தல்தான். ஜெயிக்க முதலில் 75 சதவீதம், பிறகு 70. 2019-இல் வார்டிங் என்ற புதிய திறன் 66 சதவீத ஆதரவு பெற்றும் மண்ணைக் கவ்வியது. பல வருடம் கேலியாகவே பேசப்பட்ட படகோட்டுதல், 2023-இல் ஓட்டில் ஜெயித்து 2025 நவம்பரில் நிஜமாகவே வந்தது. மனசாரச் சொல்கிறேன், அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வாக்குச்சீட்டில் மாதச் சந்தா எவ்வளவு என்ற கேள்வி மட்டும் அச்சாவதில்லை. 2024-இல் கம்பெனியே 90 கோடி பவுண்டுக்குக் கைமாறி, சி.வி.சி. என்கிற முதலீட்டு நிறுவனத்திடம் போனது. அதற்கும் யாரும் ஓட்டுப்பெட்டி வைக்கவில்லை. அடுத்த ஜனவரியிலேயே, குறைந்த சந்தா கட்டுபவர்களுக்கு விளம்பரம் காட்டலாமா என்று ஒரு கருத்துக்கணிப்பு அனுப்பி, செருப்படி வாங்கி, மன்னிப்புக் கேட்டார்கள். டிராகனுக்கு எத்தனை பல் என்பதில் உனக்கு ஓட்டு உண்டு. உன்னையே எவ்வளவுக்கு விற்கிறோம் என்பதில் கிடையாது.

யூபிசாஃப்ட் கம்பெனியிடம் இந்தப் பாசாங்குகூட இல்லை. 2014-இலிருந்து விற்ற தி க்ரூ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வரை 2024 மார்ச் 31-ஆம் தேதி அணைத்தார்கள். தனியாக ஓட்டினாலும் இணையம் இருந்தால்தான் ஓடும்படி கட்டியிருந்ததால், காசு கொடுத்து வாங்கியவனிடம் மிஞ்சியது ஒரு தகடு. அதோடு விட்டார்களா, வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தைத் தூக்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் அந்தக் கம்பெனியின் சந்தாப் பிரிவுத் தலைவர், ஆட்டத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் இருக்க ஆட்டக்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று பேட்டி கொடுத்திருந்தார். பழகவில்லை. விற்ற ஆட்டத்தைக் கொல்லாதே என்று ஐரோப்பாவில் கையெழுத்து இயக்கம் எழுந்தது, 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. கம்பெனிகளின் சங்கம் உடனே வாயைத் திறந்து, அப்படியெல்லாம் சட்டம் போட்டால் கேம் செய்யவே கட்டுப்படியாகாது என்று அழுதது. ஒரு கூட்டம் வெறும் கருத்துச் சொல்வதை விட்டுவிட்டுச் சட்டம் கேட்டதும் எப்படிக் கேட்கிறது பாருங்கள் காது.

சரி, ஆட்டக்காரன் திட்டினால் கேட்க மாட்டார்கள், பாராட்டினால்? 2023 ஜனவரியில், முன்னறிவிப்பே இல்லாமல், அறிவித்த அன்றைக்கே ஹை-ஃபை ரஷ் வெளியானது. டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் செய்தது, விற்றது மைக்ரோசாஃப்ட். பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அடி விழும் சண்டை. தாளம் தப்பினாலும் திட்டாது, மரமும் விளக்கும் சேர்ந்து ஆடி உன்னைத் தாளத்துக்கு இழுத்துக்கொள்ளும். லூட் பாக்ஸ் இல்லை, நச்சரிப்பு இல்லை. ஆட்டக்காரர்கள் வேறு எதைத்தான் பத்து வருடமாகக் கேட்டார்கள்? ஸ்டீமில் மிக உயர்ந்த தரச்சான்று. எங்கள் எல்லா எதிர்பார்ப்புகளிலும் வெற்றி என்று மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவான எக்ஸ்பாக்ஸின் விளம்பரப் பிரிவுத் தலைவரே ஏப்ரலில் அறிவித்தார். ஆண்டு முடிவில் த கேம் அவார்ட்ஸில் ஒலி வடிவமைப்புக்கு விருது. 2024 ஏப்ரலில் அனிமேஷனுக்கு பாஃப்டா விருது.

அந்த மாதத்துக்கு ஆறு மாதம் முன்னால்தான் கிட்டத்தட்ட 6,900 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்டை மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்தது. வாங்கிய கையோடு ஜனவரியில் 1,900 பேரை வெளியே அனுப்பியிருந்தது. அடுத்து, 2024 மே 7-ஆம் தேதி, டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தது. ஆட்டக்காரன் கேட்டதைக் கேட்டபடி செய்து, அவன் கொண்டாடி, நடுவர்களும் கொண்டாடிய ஸ்டுடியோவை. பிறகு ஆகஸ்டில் பப்ஜியின் சொந்தக்காரரான தென்கொரியாவின் கிராஃப்டன் வாங்கிக் காப்பாற்றியது வேறு கதை.

மே 8-ஆம் தேதி ஊழியர் கூட்டத்தில் எக்ஸ்பாக்ஸ் ஸ்டுடியோக்களின் தலைவர் பேசியது வெளியே கசிந்தது. நமக்குப் பெயரும் விருதும் வாங்கித் தருகிற சின்னச் சின்ன விளையாட்டுகள் வேண்டும் என்றாராம். முந்தாநாள் வரை அப்படி ஒன்றைச் செய்த ஸ்டுடியோ அவர் சம்பளப் பட்டியலில்தான் இருந்தது.